ஊருக்குத்தான் போகிறோம், ஆனாலும் ஊசி வேண்டும்

ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்து யாழ்ப்பாணம் போக டிக்கெட் எடுத்தவுடன் வீட்டில் பேச்சு களைகட்டிவிடும். யாருக்கு என்ன வாங்குவது, எத்தனை கிலோ கொண்டுபோகலாம், நல்லூர்த் தேருக்கு முன்பே போய்ச் சேரலாமா என்று எல்லாம் அலசப்படும். குடும்ப வைத்தியரைப் பார்க்கும் பேச்சு மட்டும் வராது. ஒரு கிழமை மெக்சிக்கோ போனால் தடுப்பூசி பற்றி விசாரிக்கிறவர்கள்கூட "ஊருக்குத்தானே" என்று இருந்துவிடுகிறார்கள். மேற்கு நாடுகளில் பதிவாகும் நெருப்புக்காய்ச்சல் நோயாளரில் பெரும்பாலானோர் சுற்றுலா போனவர்கள் அல்லர். இப்படிச் சொந்தபந்தம் பார்க்கப் போய்வந்தவர்கள். காரணம் வெளிப்படை. நாம் நீண்ட நாள் தங்குகிறோம், வீடு வீடாகச் சாப்பிடுகிறோம், கொடுத்த தண்ணீரை வேண்டாமென்று சொல்லக் கூச்சப்படுகிறோம்.

அப்பாவுக்கு வராதது பிள்ளைக்கு வரும்

ஊரில் வளர்ந்தவர்கள் பலருக்குச் சின்ன வயதிலேயே ஹெப்பற்றைற்றிஸ் ஏ தொற்றி, பெரும்பாலும் அடையாளமே தெரியாமல் மாறியிருக்கும். அந்த எதிர்ப்புச் சக்தி ஆயுள் முழுவதும் நிற்கும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அது கிடையாது. இந்தச் செங்கண்மாரி சின்னப் பிள்ளைகளைவிட வளர்ந்தவர்களைத்தான் மோசமாக வாட்டும் என்பதால், பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் தடுப்பூசி மிக அவசியம்.

நெருப்புக்காய்ச்சல் வேறு விதம். முன்பு வந்தது என்பதற்காக மறுபடி வராமல் இருக்காது. அதன் ஊசியைப் புறப்படுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னராவது போட்டுவிட வேண்டும். அதன் பலனும் இரண்டு மூன்று வருடங்களுக்குத்தான். போன முறை போட்டது இந்த முறைக்கு உதவுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆறு மாதம் தாண்டிய கைக்குழந்தையுடன் போகிறவர்கள் சின்னமுத்து ஊசியை முன்கூட்டியே போடலாமா என்றும் விசாரிக்க வேண்டும். மொத்தத்தில், பயணத்துக்கு ஆறு கிழமைக்கு முன்பே வைத்தியரைப் பார்ப்பது நல்லது.

மலேரியா பற்றிய பழைய பயத்தை விட்டுவிடலாம். உலக சுகாதார அமைப்பு 2016இல் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்துவிட்டது.

நுளம்பும் அட்வில் போத்தலும்

டெங்கு அப்படி ஒழியவில்லை. வடக்கில் மாரி மழையோடு அது கூடும். நத்தார் விடுமுறைக்குப் போகிறவர்கள் சரியாக அந்தக் காலத்தில்தான் போய் இறங்குகிறார்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். இரவில் வலை கட்டினால் போதும் என்று இருக்க முடியாது. பூச்சு மருந்தைக் காலையிலேயே பூச வேண்டும்.

முன்பொரு முறை டெங்கு வந்தவருக்கு இரண்டாம் முறை கடுமையாகும் வாய்ப்பு அதிகம். காய்ச்சல் என்றால் பனடோல் மட்டுமே. உறவினருக்கென்று நாம் ஆசையாகக் கொண்டுபோகும் அட்வில், அஸ்பிரின் போன்றவை டெங்குவில் இரத்தப்போக்கை உண்டாக்கக்கூடும். அவற்றைக் கொடுப்பவர்கள் இந்த எச்சரிக்கையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். காய்ச்சல் இறங்கும் நாட்கள்தான் ஆபத்தானவை. கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, முரசில் இரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மழைக்காலத்தில் வயலிலும் வெள்ளத்திலும் வெறுங்காலோடு இறங்கவும் வேண்டாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிரிழப்புகளும் நேர்ந்தன.

கிணற்றுத் தண்ணீர்

எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீருக்கு ஈடில்லை என்று சொல்லாதவர் இல்லை. ருசிக்கு நானும் உடன்படுகிறேன். ஆனால் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியின் கசிவும் அதன் வெடிப்புகளினூடாக இலகுவில் இறங்கி, பல கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டிவிட்டன. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு இது ஆபத்து. பால்மா கரைக்க நம்பகமான போத்தல் தண்ணீரையே பாவியுங்கள். பெரியவர்களுக்குக் கொதித்தாறிய நீர் போதும். வயிற்றோட்டம் வந்தால் முதல் மருந்து பாமசியில் கிடைக்கும் ஜீவனிதான். பையில் சொன்ன அளவு நீரில் கரைக்க வேண்டும்.

நாயும் பிள்ளையும்

ஊர் நாய்களைக் கண்டதும் தடவ ஓடுகிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காயத்தில் மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. விசர்நாய்க்கடி நோய் வெளிப்பட்ட பிறகு பிழைப்பது மிக அரிது. பிள்ளை சொல்லாமல் மறைக்கவும் கூடும். அதனால் பயமுறுத்தாமல் முன்பே சொல்லி வையுங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள்

இன்சுலினைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். சரக்கறையில் போகும் பெட்டியில் அது உறைந்து பழுதாகலாம். கிழக்கு நோக்கிப் பறக்கும்போது நாள் குறுகும்; ஊசியின் அளவையும் நேரத்தையும் வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். எல்லாக் குளிசைகளுக்கும் மருந்துச் சீட்டும், காப்புறுதியில் பழைய நோய்கள் பற்றிய பதிவும் இருக்கட்டும். அவசரத்துக்கு 1990 இலக்கத்தை அழைத்தால் இலங்கையில் இலவச அம்புலன்ஸ் வரும்.

திரும்பி வந்த பிறகு

நெருப்புக்காய்ச்சல் ஒரு மாதம் வரையும், ஹெப்பற்றைற்றிஸ் ஏ ஏழு கிழமை வரையும் பதுங்கியிருந்து வெளிப்படலாம். வந்த பிறகு காய்ச்சலோ மஞ்சள் நிறமோ கண்டால், வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் இலங்கை போய்வந்ததை நீங்களே முதலில் சொல்லுங்கள்.