எந்த பிளாக், எந்த மாடி? வடசென்னையின் 'ஜெராக்ஸ்' வீடுகள்!

எர்ணாவூர் சுனாமி குடியிருப்புக்கு முதல்முறை போகிறவர்கள், பிளாக் நம்பரைக் குறித்துக்கொள்ளாமல் போனால் திண்டாட்டம்தான். அதே படிக்கட்டு, அதே ஜன்னல், அதே சுவர். காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கத்து வாரியக் குடியிருப்புகளிலும் இதே கதை.

கிண்டலடிப்பது சுலபம். ஆனால், 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, ஒவ்வொரு கோடையிலும் கூரை வீடுகள் வரிசையாகத் தீப்பற்றிக்கொண்டிருந்தன. எரியாத கூரை ஆயிரக்கணக்கானோருக்குச் சீக்கிரமாக, குறைந்த செலவில் வேண்டும் என்றால் ஒரே வரைபடம்தான் கைகொடுக்கும். பக்கத்து வீடு பெரிது, என் வீடு சின்னது என்ற சண்டையும் இல்லை.

சிக்கல் அந்த வரைபடத்தில்தான் இருக்கிறது. சமைக்கவும் தூங்கவும் மட்டுமே வீடு என்று அது நினைக்கிறது. மீனவர் குடும்பத்துக்கு வாசல்தான் பட்டறை. வலை பழுது பார்ப்பது, கருவாடு காயவைப்பது, ஐஸ் பெட்டியைக் கழுவிக் கவிழ்ப்பது எல்லாம் அங்கேதான். மூன்றாவது மாடியில் வாசலுக்கு எங்கே போவது?

பழைய வடசென்னையில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு முகம் இருந்தது. திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கி கோயிலுக்கு நடந்து பாருங்கள். ஆதிபுரீஸ்வரர் விமானத்தின் பின்பக்கம், படுத்திருக்கும் யானையின் முதுகுபோல வளைந்திருக்கும். 'தூங்கானை மாடம்' என்பார்கள். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் அதைக் கல்லில் எழுப்பியவர் ரவி என்கிற வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டே சொல்கிறது. வாரிய பிளாக்கை வரைந்தவர் யார் என்று அங்கே குடியிருப்பவரிடம் கேட்டால் சிரிப்பார்! 1856-ல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தை, அதன் தூண் வரிசையை வைத்தே தூரத்திலிருந்து சொல்லிவிடலாம். மெட்ரோவிலோ, பெயர்ப் பலகையை மறைத்துவிட்டால் காலடிப்பேட்டை எது, விம்கோ நகர் எது? போகட்டும்... ஸ்டேஷனில் நிற்பது பத்து நிமிடம். ஒரே மாதிரி இருந்தால் டிக்கெட் கவுன்ட்டரைத் தேட வேண்டியதில்லை. வீடு அப்படியா?

குடியிருப்பவர்கள் சும்மா இருப்பதில்லை. நைலான் வலை மாடிக் கைப்பிடிச் சுவரில் தொங்குகிறது. படிக்கட்டுத் திருப்பம் வலை பின்னும் இடமாகிறது. தரைத்தளத்து ஜன்னல் பெட்டிக்கடையாகிறது. கதவுக்கு வெளியே, இருக்கிற இரண்டடி இடத்தில் பெயின்ட் கோலம். பிளாக் நம்பர் மறந்தாலும் கோலத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட வாரிய பிளாக் இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து எல்லாரும் முன்பே வெளியேறியிருந்ததால் உயிர் தப்பினார்கள். இப்படிப் பலவீனமான பழைய பிளாக்குகளை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை நகரெங்கும் நடக்கிறது. கம்பி கட்டுவதற்கு முன், வரைபடம் போடும்போதே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கடலோர பிளாக்குகளிலாவது, தரைத்தளத்தில் வலை விரிக்க ஒரு கூடம் விடுவார்களா?