கழன்று ஓடும் பின் சக்கரம்: பழைய ஜீப்புக்கு ஆக்சில் மாற்றுவோர் கவனிக்க வேண்டியது என்ன?

திருச்செந்தூர்,

காயாமொழி, குதிரைமொழி தேரிக்காட்டு செம்மணலில் இறங்கினால் சாதாரண வண்டி பத்தடி போவதற்குள் புதைந்து நின்றுவிடும். அங்கே கைகொடுப்பது 4 சக்கரமும் இழுக்கும் ஜீப்தான். ஆனால் மணலில் லோடோடு மிதிக்க மிதிக்க முதலில் அடி வாங்குவது அதன் பின் ஆக்சில்.

வில்லிஸ் சி.ஜே.3பி வடிவத்தில் வந்த பழைய மகிந்திரா ஜீப்பில் இருப்பது 'செமி புளோட்டிங்' ஆக்சில். சக்கரத்தை சுற்றுவதும் ஆக்சில் ராடுதான், வண்டியின் கனத்தை சுமப்பதும் அதே ராடுதான். ராடின் முனை கூம்பாக இருக்கும். அதில் 'கீ' எனப்படும் சின்ன இரும்புத் துண்டை வைத்து, நட்டு போட்டு ஹப்பை இறுக்கியிருப்பார்கள். அந்த இடத்தில் ராடு முறிந்தால் சக்கரம் டிரம்மோடு கழன்று தனியாக ஓடிவிடும். ரோட்டில் வேகமாக போகும்போது நடந்தால் உயிருக்கே ஆபத்து.

இதற்காகத்தான் பலர் 'புல் புளோட்டிங்' ஆக்சில் தேடி காயலாங்கடை ஏறுகிறார்கள். இதில் கனத்தை ஹவுசிங் தாங்கும். ராடு சும்மா சுற்றினால் போதும். ராடு முறிந்தாலும் சக்கரம் இடத்திலேயே இருக்கும். 2-ம் உலகப்போரில் ஓடிய ஜீப்பில் இந்த வகைதான் இருந்தது என்பது வேடிக்கையான விஷயம்.

கிடைத்த ஆக்சிலை அப்படியே மாட்டிவிட முடியாது. சி.ஜே.3பி கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல். அதாவது பினியன் 5.38 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. முன் ஆக்சிலிலும் இதே கணக்குதான். பின்னால் 4.88 கணக்குள்ள ஆக்சிலை மாட்டி 4 வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து டிரான்ஸ்பர் கேஸ் உடையும். ஜாக்கி போட்டு பின் சக்கரம் இரண்டையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றி, புரொப்பெல்லர் ஷாப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணிப் பார்த்தாலே கணக்கு ஓரளவு தெரிந்துவிடும்.

பட்டை உட்காரும் சீட்டை கோணம் மாற்றி வெல்டிங் வைத்தால் வண்டி உதறும், கிராஸ் சீக்கிரம் போகும். பின் டிரம் பெரிதாகிவிட்டால் பிரேக் பிடிக்கும்போது பின் சக்கரம் முதலில் லாக் ஆகி வண்டி திரும்பிக்கொள்ளும்.

சிலர் செலவை மிச்சம் பிடிக்க டிபரன்ஷியல் பல்லையே வெல்டிங் அடித்துவிடுகிறார்கள். மணலில் இரண்டு சக்கரமும் இழுக்கும், சரிதான். தார் ரோட்டு வளைவில் டயர் தேய்த்துக்கொண்டு வரும், ராடும் முறியும். இது சுத்த பைத்தியக்காரத்தனம். 2015-ம் ஆண்டு தார் ஜீப்பில் கம்பெனியே பின் டிபரன்ஷியல் லாக் கொடுத்தது. அது தேவைப்படும்போது மட்டும் பிடித்து, பிறகு தானே விடும்.

சட்டமும் கடுமையாகத்தான் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. அதே ஆண்டு மோட்டார் வாகன சட்டத்தில் வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில் அல்லது இரண்டும் என்கிறது. 15 வருஷம் தாண்டிய வண்டியை புதுப்பிக்க கொண்டு போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல் வரும்.

எனவே பட்டறையில் விடுவதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுக்கொள்வது நல்லது. மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் பின் ஹப் நட்டையும், அதன் காட்டர் பின்னையும் அடிக்கடி பார்க்க வேண்டும். ஹப்பை கழற்றும்போது கீ தேய்ந்திருந்தாலோ, கூம்பு முனையில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ அந்த ராடை திரும்ப மாட்டக்கூடாது.