வடக்கே போகும் வைத்தியப் பிள்ளைகள்

நோர்வேயில் வைத்தியப் படிப்பு ஆறு ஆண்டுகள். மகனோ மகளோ பட்டம் பெற்றதும் பெற்றோரின் மனம் குளிர்கிறது; கோயிலில் அர்ச்சனை நடக்கிறது; உறவினருக்குத் தொலைபேசியில் செய்தி போகிறது. ஆனால் படிப்பு முடிந்த இடத்தில் இன்னொரு படி காத்திருக்கிறது என்பதைப் பலர் பிறகுதான் அறிகிறார்கள். சிறப்பு வைத்தியராக விரும்பும் எவரும் முதலில் ‘லிஸ் 1’ என்னும் பயிற்சியை முடித்தாக வேண்டும். வைத்தியசாலையில் 12 மாதம், கொம்யூனில் 6 மாதம், ஆக 18 மாதங்கள்.

இது நம்மவருக்குப் புதிய ஏற்பாடன்று. இலங்கையிலும் எம்.பி.பி.எஸ். முடித்தவர் 12 மாதங்கள் உள்ளகப் பயிற்சி வைத்தியராகப் பணியாற்றிய பின்னரே முழுப் பதிவு பெறுகிறார். 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் பயின்றவர்களிலும் பலர் இப்பயிற்சிக்காக ஊரை விட்டு வெகுதூரம் போயிருக்கிறார்கள்.

நோர்வேயில் 1954 முதல் இப்பயிற்சி ‘துர்னுஸ்’ என்ற பெயரில் நடந்தது. யார் எங்கே போவது என்பதைப் பல காலம் குலுக்கல் முறையே தீர்மானித்தது. சீட்டில் வந்த ஊருக்குப் போக வேண்டியதுதான். வைத்தியர் விரும்பிப் போகாத சிற்றூர்களுக்கும் இளம் வைத்தியர் கிடைத்தது அதனால் வந்த நன்மை. 2013 முதல் குலுக்கல் போய், மற்ற வேலைகளைப் போல விண்ணப்பம் எழுதி, நேர்முகத் தேர்வுக்குப் போகும் முறை வந்தது. போலந்திலும் ஹங்கேரியிலும் படித்துத் திரும்பும் பிள்ளைகளும் இதே இடங்களுக்கே விண்ணப்பிக்கிறார்கள். ஒஸ்லோ, திராமன் போன்ற இடங்களுக்குப் போட்டி மிகுதி. ஆகவே ஹம்மர்பெஸ்ட், சிர்க்கனெஸ் என்று வடக்கே போவோர் பலர்.

இங்கேதான் வீடுகளில் தர்க்கம் எழுகிறது. “அவ்வளவு தூரம் ஏன்? அடுத்த முறை ஒஸ்லோவில் கிடைக்கும்வரை பொறுத்திரு” என்கிறார் தாய். பெண் பிள்ளையானால் கவலை இரட்டிப்பு. கலியாணப் பேச்சும் சேர்ந்துகொள்கிறது. இந்தக் கவலையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 1980களில் நம்மவர் பலர் அதே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் குளிரில் கை விறைக்க நின்று உழைத்தார்கள். பின்னர் பிள்ளைகளின் படிப்பை எண்ணித் தெற்கே வந்தார்கள். அன்று பெற்றோர் மீன் வெட்டிய கரையோரத்துக்கு இன்று பிள்ளை வைத்தியராகப் போவது பின்னடைவாகுமா? உழைப்பு பலித்தது என்பதற்கு அதுவே சாட்சி அன்றோ!

பல்கலைக்கழக வாழ்வில் தவறான விடைக்குப் புள்ளி மட்டுமே குறையும். வைத்தியசாலையில் இரவு மூன்று மணிக்கு நெஞ்சுவலியோடு வருபவர் முன் நிற்கும்போது பொறுப்பு வேறு. இதனாலேயே பயிற்சியாளர் தனியே விடப்படுவதில்லை. மூத்த வைத்தியரை எந்நேரமும் அழைக்கலாம். அழைப்பது அறியாமையின் அடையாளமன்று. தெரியாததை நேரத்துக்குக் கேட்பதே இப்பயிற்சியில் கற்க வேண்டிய முதற் பாடம். சிறிய வைத்தியசாலையில் பயிற்சியாளர் பலவகை நோயாளரையும் நேரடியாகப் பார்க்கிறார். பெரிய நகரில் இவ்வாய்ப்பு எளிதில் வாய்ப்பதில்லை. கொம்யூனில் செலவிடும் ஆறு மாதங்களில் முதியோர் இல்லம், அவசர சேவை, குடும்ப வைத்தியம் யாவும் பழக்கமாகின்றன. வடபகுதிப் பேச்சு வழக்கும் காதுக்குப் பழகிவிடும்.

பெற்றோர் செய்யக்கூடியவை சில உண்டு. ஹம்மர்பெஸ்டில் நவம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி மூன்றாம் வாரம் வரை சூரியன் எழுவதில்லை. கறுத்த தோலுடையோருக்கு உயிர்ச்சத்து டி குறைவு எளிதில் வரும். மரக்கறி மட்டும் உண்பவர் மீனெண்ணெய்க்குப் பதில் மாத்திரை எடுக்கலாம். இரவுக் கடமை முடிந்து பகலில் உறங்கும் பிள்ளையை “ஏன் போன் எடுக்கவில்லை?” என்று கடிந்துகொள்ள வேண்டாம். கடமை அட்டவணையைக் கேட்டு வைத்துக்கொண்டு, உறங்கி எழுந்தபின் பேசலாம். மிளகாய்த்தூளும் பருப்பும் பொதியில் போகட்டும். வேலை எப்படி என்று கேட்பதோடு, மனம் எப்படி என்றும் கேளுங்கள். முதல் மரணத்தைக் கண்ட இரவில் பிள்ளைக்குத் தேவைப்படுவது புத்திமதியன்று, பொறுமையாகக் கேட்கும் ஒரு காது.

அம்மெருட் சிவசுப்பிரமணியர் ஆலயத்தின் தேருக்கு அவர்கள் வர முடியாமற் போகலாம். அன்று ஏதோ ஒரு வடபுலத்து ஊரில் ஒரு முதியவரின் நாடியைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதுவும் முருகன் பணியே. மனநிறைவோடு அனுப்பி வையுங்கள்.