ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்பியவர்கள்

விண்வெளிக்கு ஆள் அனுப்பும் மென்பொருளை எழுதுகிறவர்கள் ராத்திரி பகல் பார்க்காமல், பீட்சா பெட்டிகளுக்கு நடுவே கண் சிவந்து உட்கார்ந்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லவே இல்லை! ஹூஸ்டனில், நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்துக்கு எதிரே, கடந்து போகிறவர்களுக்குத் திரும்பிக்கூடப் பார்க்கத் தோன்றாத ஓர் அலுவலகம். காலை எட்டு மணிக்கு வருவார்கள், மாலை ஐந்துக்குக் கிளம்பிவிடுவார்கள். நடுவில் அவர்கள் எழுதியதுதான் விண்வெளி ஓடத்தையே ஓட்டியது!

இவர்கள் நாசா ஊழியர்களும் இல்லை, ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். முதலில் ஐபிஎம், 1994-இல் லோரல், 1996-இல் லாக்ஹீட் மார்ட்டின். முதலாளி மாறினாலும் வேலை அதேதான். 1996 வாக்கில் 260 பேர், சுமார் 4,20,000 வரி நிரல். கடைசியாக வந்த மூன்று பதிப்புகளில் பதிப்புக்கு ஒரே ஒரு பிழை. நிரல் எழுதிப் பழகியவர்கள் இதை இன்னொரு முறை படித்துப் பார்க்கவும்!

ஓடத்துக்குள் ஐந்து கணினிகள். நான்கில் இவர்களுடைய மென்பொருள்; ஐந்தாவதில், ஆபத்துக்கு உதவ, வேறொரு நிறுவனம் தனியாக எழுதியது. 1981 ஏப்ரல் 10, கொலம்பியா ஓடம் முதல்முறையாகக் கிளம்ப வேண்டிய நாள். கிளம்ப இருபது நிமிடம் இருக்கும்போது ஐந்தாவது கணினி மற்ற நான்கோடு சேர மறுத்துவிட்டது! பயணம் நின்றது. காரணம், முன்பு எப்போதோ நிரலில் செய்த ஒரு சின்ன நேர மாற்றம். கணினியை இயக்கும்போது அதனால் வரும் கோளாறு தலைகாட்ட 67-இல் ஒரு வாய்ப்புதான். அந்த ஒன்று அன்றைக்குத்தான் வாய்க்க வேண்டுமா! மென்பொருளை நிறுத்தி மறுபடி ஏற்றியதும் சரியாகிவிட்டது. 12-ஆம் தேதி விண்வெளி வீரர்கள் ஜான் யங்கும் ராபர்ட் கிரிப்பனும் பறந்தேவிட்டார்கள்.

ஓடத்தில் ஜிபிஎஸ் சேர்க்க நினைத்தபோது நடந்ததையும் கேளுங்கள். மாற வேண்டிய நிரல் 6,366 வரிகள். அதற்கான விவரக்குறிப்பு மட்டும் 2,500 பக்கங்கள்! முதலில் காகிதம், பேச்சு, ஒப்புதல், நிரல் அப்புறம்தான். எனக்கு இது சலிப்பான வேலையாகவே தோன்றவில்லை, ஒரு பெரிய கட்டடத்துக்கு வரைபடம் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற பரவசம்தான்.

ஆனால் உச்சகட்ட சுவாரசியம் அங்கே நடந்த போட்டியில். எழுதுகிறவர்கள் ஓர் அணி, சோதிக்கிறவர்கள் இன்னோர் அணி. ஒரு பிழைகூடச் சோதனை அணியின் கையில் சிக்கக் கூடாது என்று எழுதும் அணி. எப்படியும் பிடித்தே தீருவது என்று சோதனை அணி. சிக்கிய ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஏறும். எப்போது கண்டுபிடித்தது, எப்படி உள்ளே நுழைந்தது, எந்தெந்தச் சோதனையில் கண்ணில் படாமல் தப்பியது, அதே மாதிரி இன்னொன்று வேறெங்காவது பதுங்கியிருக்கிறதா? எழுதியவரை யாரும் திட்டியதில்லை. பிழையை உள்ளே விட்ட வேலைமுறையைத்தான் பிடித்துத் திருத்துவார்கள். எழுதும் அணிக்கு ரோஷம் வந்துவிட்டது. கூடி உட்கார்ந்து தங்கள் நிரலைத் தாங்களே வரிவரியாகச் சல்லடை போட ஆரம்பித்தார்கள். முறையான சோதனை தொடங்குவதற்கு முன்பே 85 சதவீதப் பிழைகளை அவர்களே பிடித்துவிட்டார்கள்!