கருவிழி ஓரத்தில் ஒரு பழுப்பு வளையம்

முத்து முத்தாக எழுதிய பிள்ளையின் கையெழுத்து ஒன்பதாம் வகுப்பில் கோணத் தொடங்குகிறது. டம்ளரைத் தூக்கினால் காபி தளும்புகிறது. பேச்சு குழறுகிறது, கடைவாயில் எச்சில் வழிகிறது, தொட்டதற்கெல்லாம் கோபம் வருகிறது. வீட்டில் திட்டுகிறார்கள், சிலர் மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். மாதங்கள் ஓடிவிடுகின்றன. உண்மையில் அந்த மூளையில் செம்பு படிந்துகொண்டிருக்கலாம்.

இதற்கு வில்சன் நோய் என்று பெயர். லண்டன் நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன் 1912இல் இதை விரிவாக எழுதினார். சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வரும் அரிய நோய். பெரும்பாலும் 5 முதல் 35 வயதுக்குள் தலைகாட்டும்.

செம்பு ஏன் தேங்குகிறது?

தினமும் சாப்பாட்டின் வழியே ஓரிரு மில்லிகிராம் செம்பு நமக்குள் போகிறது. உடலுக்கு அது வேண்டும். மிஞ்சியதைக் கல்லீரல் பித்தநீரில் கலந்து வெளியேற்றிவிடும். அந்த வேலைக்கான ஏடிபி7பி என்ற மரபணு பழுதானால் செம்பு கல்லீரலிலேயே தேங்கும். அங்கே நிரம்பியதும் மூளைக்கும் கண்ணுக்கும் போகும். அதனால்தான் ஒருவருக்கு மஞ்சள் காமாலையாகவும், இன்னொருவருக்குக் கைநடுக்கமாகவும், வேறொருவருக்கு மனநோய் போலவும் தெரிகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கண் மருத்துவர் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்தால், கருவிழியின் விளிம்பில் பழுப்பும் பச்சையும் கலந்த வளையம் தெரியும். படிந்த செம்புதான் அது. பார்வையைக் கெடுக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாது. நரம்புப் பாதிப்பு உள்ள அநேகமாக எல்லோருக்கும் இது இருக்கும். கல்லீரல் மட்டும் கெட்டவர்களில் பாதிப்பேருக்கு இருக்காது. ஆகவே வளையம் இல்லையென்று விட்டுவிடக் கூடாது. இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் அளவையும், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பின் அளவையும் பார்ப்பார்கள்.

மருந்து உண்டு

1956இல் ஜான் வால்ஷ் என்ற மருத்துவர் பெனிசிலமைனை அறிமுகப்படுத்தினார். அது செம்பைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும். துத்தநாக மாத்திரை, செம்பு குடலில் உறிஞ்சப்படாமல் தடுக்கும். ஆயுள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டும். உடம்பு தேறிவிட்டதே என்று நிறுத்தினால் கல்லீரல் திடீரெனச் செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகும். ஈரல், முந்திரி, சாக்லேட் ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். செப்புக் குடத்துத் தண்ணீர் நல்லது என்று பலரும் சொல்வார்கள். இந்த நோயாளிகளுக்கு அது கூடவே கூடாது.

கூடப் பிறந்தவர்கள்

நோயில்லாத தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பழுதான மரபணுப் பிரதியைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்கு. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இருவரும் அதே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுதல்.

அக்காவுக்கு இந்த நோய் என்று தெரிந்தால், ஓடியாடி விளையாடும் தம்பியையும் கூட்டிப்போய்ப் பரிசோதியுங்கள். அறிகுறி வருமுன்பே மருந்து தொடங்கி விடாமல் சாப்பிட்டால், அவன் கையெழுத்து கோணவே கோணாது.