சும்மா படுத்திருப்பதும் ஒரு பயிற்சிதான்

எட்டு மாத லாப்ரடார் வளரும் ஃபிளாட்டில் மாலை ஆறு மணிக்கு மேல் என்ன நடக்கிறது என்பது கீழ் வீட்டுக்காரருக்கும் தெரியும். ஹாலுக்கும் பால்கனிக்கும் இடையே ஓயாத ஓட்டம், வாயில் யாருடைய செருப்போ, காலிங் பெல் அடித்ததும் வாசலுக்கு ஒரே பாய்ச்சல், வந்தவர் மார்பில் இரண்டு முன்னங்கால்கள். நாய் வளர்ப்பவர்கள் கூடும் மைதானத்தில் இதைச் சொல்லி வருத்தப்பட்டால், கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "நல்லா ஓட விடுங்க சார், களைச்சுப்போய்த் தானா படுத்துக்கும்."

முதல் சில நாள் படுக்கும். பிறகு உடம்பு அந்த ஓட்டத்துக்குப் பழகிவிடும். தினமும் ஒரு மணி நேரம் ஓடவைத்தால், ஒரு மணி நேரம் ஓடியும் களைக்காத நாய்தான் வீட்டில் மிஞ்சும். அதிலும் பந்தை வீசி எடுத்துவரச் செய்யும் விளையாட்டை மட்டுமே நம்பியிருந்தால், ஒவ்வொரு வீச்சிலும் பரபரப்பு ஏறிக்கொண்டே போகும். வீடு திரும்பிய பிறகும் மூச்சிரைத்தபடி அடுத்த பந்துக்காகக் காத்திருக்கும் நாய்கள் உண்டு. நடையும் ஓட்டமும் நாய்க்குக் கட்டாயம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஓடி முடித்ததும் அடங்கிப் படுப்பது வேறொரு திறமை. அதைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

நாயின் மேல் கோபப்படுவதற்கு முன் அதன் பூர்வீகத்தைப் பார்ப்பது நல்லது. லாப்ரடாரின் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் மீனவர்களோடு குளிர்ந்த கடலில் வேலை செய்தவை. பின்னாளில் பிரிட்டனில், வேட்டையில் சுட்டு வீழ்த்திய பறவைகளைத் தேடி எடுத்துவரப் பழக்கப்பட்டவை. பார்டர் கோலி ஆட்டு மந்தையை வளைத்துத் திருப்புவதற்கென்றே உருவான இனம். நம் சிப்பிப்பாறையும் கன்னியும் தென்மாவட்டங்களின் வெட்டவெளியில் முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடித்தவை. ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனது, தோட்டத்தையும் காத்தது. தலைமுறை தலைமுறையாக வேலைக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த உடம்பை 800 சதுர அடிக்குள் வைத்துவிட்டு, அதைச் சேட்டை என்று திட்டுவது நியாயமில்லை.

பருவமும் சேர்ந்துகொள்கிறது. பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷரும் அவருடைய குழுவினரும், வழிகாட்டி நாய்களாகத் தயாராகிக்கொண்டிருந்த லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் வகைக் குட்டிகளை ஆராய்ந்து 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஐந்து மாத வயதில் 'சிட்' என்றதும் உட்கார்ந்த குட்டிகள், எட்டு மாத வயதில் வளர்ப்பவர் சொன்னால் அவ்வளவாகக் கேட்கவில்லை. அதே சொல்லை அந்நியர் சொன்னபோது கேட்டன! ஒரு வயதை எட்டும்போது நிலைமை மறுபடி சீரானது. 'அடங்கவே மாட்டேங்குது' என்று சலித்துப்போய் நாயை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவது பெரும்பாலும் இந்த இடைப்பட்ட மாதங்களில்தான். கடக்கக்கூடிய ஒரு பருவத்துக்காக ஒரு நாய் வீட்டை இழப்பது பெரிய கொடுமை.

தூக்கத்தைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. சிறு குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும். வளர்ந்த நாயே நாளில் பாதியைத் தூக்கத்தில் கழிக்கும். டிவி சத்தம், பிள்ளைகளின் விளையாட்டு, வந்து போகும் விருந்தாளிகள் என்று இருக்கும் வீட்டில் குட்டிக்கு அந்தத் தூக்கம் கிடைப்பதில்லை. தூக்கம் கெட்ட கைக்குழந்தை சிணுங்குவதைப் போல, அதுவும் கடிக்கிறது, தாவுகிறது, சுற்றிச் சுற்றி ஓடுகிறது. வீட்டுக்காரர்களோ அதற்கு இன்னும் விளையாட்டு போதவில்லை என்று நினைத்துப் பந்தை எடுக்கிறார்கள். மதியம் இரண்டு மூன்று மணி நேரம் ஆள் நடமாட்டமில்லாத அறையில் படுக்க வைத்தாலே சாயங்கால வெறியோட்டம் பாதி குறைந்த வீடுகள் உண்டு.

இனி பயிற்சிக்கு வருவோம். நாய் செருப்பைக் கவ்வினால் குடும்பமே அதன் பின்னால் ஓடுகிறது. குரைத்தால் நாலு பேர் பேசுகிறார்கள். அது பேசாமல் ஒரு மூலையில் படுத்திருக்கும்போது மட்டும் "இப்பதான் அடங்கியிருக்கு, எழுப்பிவிட்டுடாதே" என்று எல்லோரும் ஒதுங்கிப் போகிறார்கள். எதைச் செய்தால் மனிதர்கள் தன் பக்கம் திரும்புகிறார்கள் என்பதை நாய் மிக வேகமாகக் கற்றுக்கொள்ளும். ஆகவே கணக்கைத் தலைகீழாக மாற்ற வேண்டும். அன்றைய உணவில் ஒரு பிடியைச் சிறு டப்பாவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாய் தானாகப் படுத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், ஒன்றும் பேசாமல், தலையைத் தடவாமல், ஒரு துண்டை அதன் முன்னங்கால்களுக்கு நடுவே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். முதலில் எழுந்து பின்னாலேயே வரும். கண்டுகொள்ள வேண்டாம். மறுபடி படுத்ததும் இன்னொரு துண்டு.

சில நாளில் நாய் படுக்கும் விதமே மாறுவதைக் காணலாம். பாயத் தயாராக இருப்பதைப் போலப் பின்னங்கால்களை மடித்து உட்கார்ந்திருந்தது, இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்க்கும், தாடையைத் தரையில் வைக்கும், நீளமாக ஒரு மூச்சு விடும். அந்த மூச்சுக்குக் கட்டாயம் ஒரு துண்டு கொடுக்க வேண்டும்.

அடுத்தது பாய். பழைய கோணிச் சாக்கோ மடித்த பெட்ஷீட்டோ போதும். எடுத்துச் செல்ல முடிந்ததாக இருந்தால் உறவினர் வீட்டுக்கும் கிளினிக்குக்கும் கொண்டுபோகலாம். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கேரன் ஓவரால், 1997இல் வெளியான தம் நூலில் 15 நாள் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தந்திருக்கிறார். உலகெங்கும் பயிற்சியாளர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதில் நாய் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, இருந்த இடத்தில் அமைதியாக இருப்பதைத் தவிர. வேலையெல்லாம் மனிதருக்குத்தான். ஐந்து விநாடி நிற்பது, ஓரடி பின்னால் போய்த் திரும்புவது, மெதுவாகக் கை தட்டுவது, நின்ற இடத்திலேயே ஓடுவது, அறையை விட்டு வெளியே போய் வருவது, கதவைத் தட்டுவது, பெல்லை அடிப்பது, யாரோ வந்திருப்பதைப் போல வாசலில் நின்று பேசுவது. ஒவ்வொன்றையும் நாய் அசையாமல் தாண்டினால் ஒரு சிறு தின்பண்டம். எழுந்துவிட்டால் திட்டு கிடையாது, இதைவிட எளிதான ஒரு படிக்குத் திரும்ப வேண்டும். 15 நாள் என்பது அட்டவணைதான். ஒரே நாள் பாடத்தில் ஒரு வாரம் தங்க வேண்டியிருந்தாலும் தவறில்லை. நாம் அவசரப்பட்டால் நாய்க்குப் பரபரப்பைத்தான் கற்றுக்கொடுத்திருப்போம்.

இதை உடைப்பது பெரும்பாலும் வீட்டில் உள்ள இன்னொருவர். சாப்பாட்டு மேசைக்கு அடியில் நின்று குரைக்கும் நாயை ஒன்பது முறை பொருட்படுத்தாமல் இருந்துவிட்டு, பத்தாவது முறை மனம் இளகிப் பாட்டி தோசைத் துண்டைப் போட்டுவிடுவார். எப்போதாவது மட்டும் கிடைக்கும் பரிசு, எப்போதும் கிடைக்கும் பரிசைவிட ஒரு பழக்கத்தை விடாப்பிடியாக நிலைக்க வைக்கும். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் ஆய்வகத்தில் புறாக்களைக் கொண்டு விரிவாகப் பதிவுசெய்த உண்மை இது. குரைப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அது குறைவதற்கு முன் ஒருமுறை உச்சத்துக்குப் போகும் என்பதையும் வீட்டில் அனைவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பாட்டிக்கு ஆசை இருந்தால், பாயில் படுத்திருக்கும்போது நாயின் உணவிலிருந்து ஒரு துண்டை அவர் கையாலேயே கொடுக்கட்டும்.

தின்பண்டத்துக்கு அளவு உண்டு, லாப்ரடாருக்கு இன்னும் கண்டிப்பாக. ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாரில், பசியடங்கியதை மூளைக்குச் சொல்லும் மரபணு ஒன்றில் பகுதி குறைந்திருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். சாப்பிட்டு முடித்த நாய் மறுபடி தட்டைப் பார்ப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். பயிற்சிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு துண்டையும் அன்றைய உணவிலிருந்தே கழித்துவிட வேண்டும். திராட்சையும் சாக்லேட்டும் வெங்காயமும் எந்த நாய்க்கும் ஆகாது.

நடையின் தரமும் முக்கியம். கயிற்றை இழுத்துக்கொண்டு விரைவதைவிட, புல்லையும் மதில் மூலையையும் நின்று நிதானமாக முகரவிடும் அரைமணி நேரம் பல நாய்களை நன்றாக அடக்குகிறது. 2019இல் வெளியான டுரான்டன், ஹோரோவிட்ஸ் ஆகியோரின் ஆய்வில், இரண்டு வாரம் மோப்பம் பிடித்துத் தேடும் பயிற்சி பெற்ற நாய்கள், காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி பெற்றவற்றைவிட நம்பிக்கையோடு நடந்துகொண்டன. வீட்டிலேயே பழைய துண்டைச் சுருட்டி அதற்குள் உணவைத் தூவிவைக்கலாம். நம் ஊர் கோடையில் சூடான தார் ரோட்டுக்குக் கூட்டிப்போவதற்கு இது எவ்வளவோ மேல். நாய் உடல் வெப்பத்தைத் தணிப்பது பெரும்பாலும் மூச்சிரைப்பதால்தான், பாதங்களும் சுடும்.

அடியும் சங்கிலி இழுப்பும் நாயை அசையாமல் வைக்கலாம், அது அமைதி ஆகாது. போர்ச்சுகல் ஆய்வாளர்கள் 2020இல் 92 வளர்ப்பு நாய்களை ஒப்பிட்டார்கள். கடுமையான முறைகளைக் கையாளும் பள்ளிகளில் பயின்றவை அதிகமாக மூச்சிரைத்தன, பதற்றத்தின் அறிகுறிகளை அதிகம் காட்டின. பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் கார்டிசால் ஹார்மோனும் கூடியிருந்தது.

எல்லாம் செய்தும் நாய் படுத்த சில நொடிகளில் எழுந்து இடம் மாறிக்கொண்டே இருந்தாலோ, இரவில் அலைந்தாலோ, காதையோ பாதத்தையோ ஓயாமல் சொறிந்தாலோ, பயிற்சியை நிறுத்திவைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும். உண்ணி, காதுப் புண், குடற்புழு, இடுப்பு மூட்டு வலி இவற்றில் எதுவும் ஒரு நாயைப் படுக்கவிடாது. கிளினிக் மேசையில் பயந்து உறைந்து நிற்கும் நாயிடம் அந்தத் தவிப்பு தெரியாது. வீட்டில் அது அலைவதைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போனால் டாக்டருக்கு உதவியாக இருக்கும்.