முதுகை அளந்தீர்களா?

நீண்ட பயணம் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை லிட்டர் பை வாங்கலாம்?" வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் வடக்கே சுற்றப்போகும் இளைஞரும் சரி, பணி ஓய்வுக்குப் பிறகு தனியாக நேபாளம் பார்க்க ஆசைப்படும் அக்காவும் சரி, லிட்டர் கணக்கோடுதான் வருகிறார்கள். கடைகளிலும் நாற்பது, ஐம்பத்தைந்து, எழுபது என்று லிட்டர்படியே அடுக்கி வைத்திருக்கிறார்கள். பை உட்காரப்போவது முதுகில். அந்த முதுகின் நீளம் எவ்வளவு என்று திருப்பிக் கேட்டால் பதில் சொன்னவரை இன்னும் நான் சந்திக்கவில்லை.

என் முதல் நீண்ட பயணத்துக்கு நானும் அளக்காமல்தான் வாங்கினேன். நான்கரை மாதப் பயணம், பெரிதாகவே இருக்கட்டும் என்று 65 லிட்டர் பை. வெறும் பையே இரண்டு கிலோவுக்கு மேல். நிறைத்த பிறகு 17 கிலோ. சென்னையிலிருந்து டெல்லி வரை அதை ரயில் சுமந்தது, டெல்லியிலிருந்து சிம்லா வரை பஸ் சுமந்தது. சிம்லாவில் இறங்கி மால் ரோட்டுக்கு ஏறும் படிகளில்தான் முதன்முதலாக நான் சுமந்தேன். கால் மணி நேரத்தில் வார் பதிந்த இடம் இரண்டு தோளிலும் கன்றிச் சிவந்தது. இடது கையில் சுண்டுவிரல் தொடங்கி மணிக்கட்டு வரை மரத்துப்போனது. அறைக்குப் போய்ப் பையை இறக்கிய பிறகும் டீ கிளாஸை நம்பிப் பிடிக்கச் சற்று நேரம் பிடித்தது.

கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கற்றை காறை எலும்புக்கு அடியில் போகிறது. பையின் வார் அதை நெடுநேரம் அழுத்தினால் கை மரத்துவிடும், சிலருக்குப் பலமே குறையும். பாரம் தூக்கி நடக்கும் ராணுவ வீரர்களிடம் இதைக் கண்ட மருத்துவர்கள் 'ரக்சாக் பால்ஸி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். எனக்கு அன்று இரவே சரியாகிவிட்டது. ஆனால் எடையும் அதிகம், அது இறங்கிய இடமும் தவறு என்பது அந்தப் படிகளில் உறைத்தது.

சுமை எங்கே இறங்க வேண்டும் என்பது நம் ஊருக்குப் புதிய செய்தி அல்ல. தலையில் சும்மாடு கூட்டிப் புல்லுக்கட்டு சுமந்து வரும் பெண்களைப் பாருங்கள். கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் நிற்கும். பாரம் எலும்பு வழியாகவே காலுக்கு இறங்கிவிடும்; தசைக்கு ஆடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை மட்டும்தான். பழைய சாலைகளின் ஓரம் சுமைதாங்கிக் கல்லை அவ்வளவு உயரத்தில் நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. குனியாமல், கைகொடுக்க இன்னொருவரைத் தேடாமல், நின்றபடியே சுமையை இறக்கி ஏற்றலாம். நேபாள மலைப்பாதைகளில் 'டோகோ' என்னும் மூங்கில் கூடையைக் கட்டிய பட்டையை உச்சந்தலையை ஒட்டி மாட்டிக்கொண்டு, தம் உடல் எடைக்கு ஈடான பாரத்தோடு ஏறுகிறார்கள். அங்கேயும் பாரம் முதுகெலும்பில்தான் இறங்குகிறது.

இதே உண்மை முதுகுப்பைக்கு வந்து சேர்ந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டிக் கெல்டி என்றொருவர் மரச்சட்டம் வைத்த பையோடு மலை ஏறினார். சட்டத்தின் கீழ் முனைகளை ஜீன்ஸின் பின் பாக்கெட்டுகளில் செருகியபோது தோள் சட்டென்று லேசானது. பாரம் இடுப்புக்கு மாறிவிட்டது! 1952இல் கிளெண்டேல் நகரில் தன் வீட்டிலேயே அலுமினியச் சட்டம் வளைத்துப் பைகள் செய்து விற்கத் தொடங்கினார். துணியைத் தைத்தவர் அவர் மனைவி நீனா. இடுப்புப் பட்டை பரவலானதில் அந்த வீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1967இல் கிரெக் லோவ் என்பவர் சட்டத்தைப் பைக்கு உள்ளேயே கொண்டுபோனார். இன்று நாம் வாங்கும் பெரும்பாலான பயணப் பைகள் அந்த வழியில் வந்தவை.

ஆகவே நீண்ட பயணப் பையில் முதலில் பார்க்க வேண்டியது இடுப்புப் பட்டை. அது உங்கள் இடுப்பெலும்பின் மேட்டில் வந்து உட்கார வேண்டும். தொப்புளைச் சுற்றி வயிற்றை இறுக்கினாலும் தவறு, கீழே நழுவித் தொடையில் இடித்தாலும் தவறு. அது சரியாக உட்கார, பையின் முதுகு நீளமும் உங்கள் முதுகு நீளமும் பொருந்த வேண்டும்.

அளப்பது ஐந்து நிமிட வேலை. தலையை முன்னால் குனியுங்கள். பின்கழுத்தின் அடியில் ஒரு எலும்பு புடைத்துக்கொண்டு கைக்குத் தட்டுப்படும். அது மேல் புள்ளி. பிறகு இரண்டு கைகளையும் இடுப்பின் பக்கவாட்டில், எலும்பின் உச்சி மேட்டில் வையுங்கள். கட்டைவிரல் இரண்டும் முதுகுப் பக்கம் ஒன்றையொன்று பார்க்கட்டும். அவற்றை இணைக்கும் கோடு முதுகெலும்பை வெட்டும் இடம் கீழ்ப் புள்ளி. நிமிர்ந்து நின்றுகொள்ளுங்கள், வீட்டில் யாராவது இஞ்ச் டேப்பை முதுகின் வளைவோடு ஒட்டிப் பிடித்து இரண்டுக்கும் நடுவே அளக்கட்டும். ஆள் உயரத்தை வைத்து இதை ஊகிக்க முடியாது. நான் ஐந்தடி ஒன்பது அங்குலம். முதுகு நீளம் 44 சென்டிமீட்டர்தான். கால்தான் நீளம். என் 65 லிட்டர் பையோ நீள முதுகுக்காரருக்கானது. தோள் வாரை எவ்வளவு இழுத்தாலும் இடுப்புப் பட்டை எலும்புக்குக் கீழேயே நின்றது, பாரம் தோளுக்கே திரும்பியது.

பெண்களுக்குப் பொதுவாக முதுகு நீளம் குறைவு, தோள் இடைவெளியும் குறுகல். மார்பின் மேல் அழுத்தாமல் வளைந்து போகும் வார், இடுப்பின் சாய்வுக்கு ஏற்பத் திருப்பிய பட்டை என்று பெண்களுக்கென்றே தயாரிக்கும் பைகள் இருக்கின்றன. அண்ணன் பையையோ கணவர் பையையோ வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். முதுகு நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள பைகளும் உண்டு. இரண்டு அளவுக்கு நடுவே நிற்பவர்களுக்கு அவையே உத்தமம்.

கடையில் வெறும் பையை மாட்டிக் கண்ணாடி பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. வெறும் பை எல்லோருக்கும் பொருந்தும். எட்டுப் பத்து கிலோ உள்ளே போடச் சொல்லுங்கள். எல்லா வார்களையும் தளர்த்திவிட்டுத் தோளில் ஏற்றி, முதலில் இடுப்புப் பட்டையை இறுக்குங்கள். பிறகு தோள் வார். அதன் பிறகு, தோளின் மேலிருந்து பையின் உச்சிக்குப் போகும் சின்ன வார். அது ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் நிற்க வேண்டும். கடைசியாக மார்பு வார், மூச்சு முட்டாத அளவுக்கு. இப்போது தோளுக்கும் வாருக்கும் இடையே ஒரு விரலை நுழைத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் நுழைந்தால் பாரம் இடுப்பில் இருக்கிறது. அதோடு இருபது நிமிடம் நடங்கள், மாடிப்படி ஏறி இறங்குங்கள். கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறினாலும் பரவாயில்லை. இந்தச் சோதனையில்லாமல், படத்தை மட்டும் பார்த்து இணையத்தில் பை வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி லிட்டருக்கு வரலாம். ஒரு வாரத்துக்கு வேண்டிய துணிதான் ஆறு மாதத்துக்கும் வேண்டிய துணி, துவைத்துக்கொள்ளப் போகிறோம் அவ்வளவுதான். இது புரிந்துவிட்டால் 40 லிட்டர், குளிர்ப்பிரதேசம் என்றால் 45 லிட்டர், அதற்கு மேல் பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. கூடாரமும் சமையல் அடுப்பும் தூக்குகிறவர்கள் கணக்கு வேறு. பெரிய பையில் காலி இடம் இருந்தால் கை சும்மா இருக்காது. எதையாவது எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கும். சிம்லாவில் மறுநாளே தபால் நிலையத்துக்குப் போனேன். இரண்டு ஜீன்ஸ், இன்னொரு ஜோடி ஷூ, நான்கு புத்தகங்கள், கனமான டர்க்கி டவல் எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் பொதிந்து தைத்து வீட்டுக்குப் பார்சல் அனுப்பினேன். ஐந்து கிலோவுக்கு மேல் குறைந்தது. மிச்ச நான்கு மாதத்தில் அவற்றில் ஒன்றைக்கூட நான் தேடவில்லை.

டவலுக்குப் பதில் ஈரிழைத் துண்டு ஒன்று போதும், பிழிந்து உதறினால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஒரு கைலி உடை மாற்ற மறைப்பாகும், ரயிலில் போர்வையாகும், வெயிலில் தலைக்கு முண்டாசாகும். வெளிநாட்டுக் கடைகளில் 'பயண டவல்' என்று விற்கும் எதையும்விட நம்முடைய துண்டு மேல் என்பது என் அனுபவம்.

விமானத்தில் போகிறவர்களுக்குச் சின்னப் பையின் லாபம் உடனே தெரியும். இண்டிகோ போன்ற உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி. பையே ஒன்றரை கிலோ என்றால் அனுமதியில் ஐந்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். ஆகவே பையின் எடையையும் கேட்டு வாங்குங்கள். பவர் பேங்கை எப்போதும் கையோடு வரும் பையில்தான் வைக்க வேண்டும், சரக்கில் போடும் பையில் அனுமதி இல்லை.

குறைவாகத் தூக்குவதைப் பற்றிப் பேசும்போது எனக்கு எம்மா கேட்வுட் நினைவுக்கு வந்துவிடுவார். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த அமெரிக்கப் பாட்டி. 1955இல், 67 வயதில், அப்பலேச்சியன் நெடும்பாதையில் ஏறக்குறைய 3,300 கிலோமீட்டரைத் தனியாக நடந்து முடித்தார். காலில் கேன்வாஸ் ஷூ. தோளில், தானே டெனிம் துணியில் தைத்த ஒரு பை. சட்டமும் கிடையாது, இடுப்புப் பட்டையும் கிடையாது. அவரால் அது முடிந்ததற்குக் காரணம், அந்தப் பைக்குள் மிகக் கொஞ்சமே இருந்தது.

திறப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மலையேற்றத்துக்கான பைகள் பெரும்பாலும் மேலிருந்து மட்டுமே திறக்கும். அடியில் கிடக்கும் சட்டைக்காக எல்லாவற்றையும் கட்டிலில் கொட்ட வேண்டும். ஊர் ஊராகத் தங்கிப் போகிறவர்களுக்குப் பெட்டி போல் முன்பக்கம் முழுதாகத் திறக்கும் பையே நல்லது. ஜிப்பின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பூட்டுப் போட வழி இருக்க வேண்டும். மழைக்கு வெளியுறையை மட்டும் நம்ப வேண்டாம். முதுகு வழியாக வழியும் நீர் பையின் பின்பக்கம் ஊறிவிடும். உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் துணியை வையுங்கள்.

துணியின் தடிமனை டெனியர் கணக்கில் சொல்வார்கள். திருப்பூர், ஈரோட்டுக்காரர்களுக்குப் பழகிய சொல். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ, அதுவே டெனியர். 210 டெனியர் நைலான் லேசானது. பஸ் டிக்கியிலும் ஜீப் கூரையிலும் உராய்ந்து போகும் பைக்கு 420 முதல் 600 வரை இருப்பது பாதுகாப்பு. ஆனால் பைகள் பெரும்பாலும் துணியில் கிழிவதில்லை. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே குடையின் கீழ் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் ஒரு பெரியவர்.

என் முதல் பயணத்தின் கடைசி வாரத்தில், ரயிலிலிருந்து இறங்கும்போது இடது தோள் வார் அடியோடு பிய்ந்துவிட்டது. பெரியவர் பையை மடியில் கவிழ்த்து, பிய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தார். "துணி நல்லாத்தான் இருக்கு தம்பி. தையல்தான் ஏமாத்திருச்சு. பாரம் தொங்குற இடத்துல ஒரே ஓட்டம் விட்டிருக்காங்க பாருங்க" என்றார். உள்பக்கம் தோல் துண்டு ஒன்றை வைத்தார். குத்தூசியால் துளையிட்டு, மெழுகு நூலைக் கோத்து, வாரின் முனையைச் சுற்றிச் சதுரமாகத் தைத்து, அந்தச் சதுரத்துக்குள் மூலைக்கு மூலை குறுக்காகவும் ஓட்டினார். முடித்ததும் வாரைக் காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் பையை இழுத்துக் காட்டினார். அசையவில்லை. "இனி பை கிழிஞ்சாலும் இது கிழியாது."

அன்றிலிருந்து எந்தப் பையைப் பார்த்தாலும் தோள் வார் ஏறும் இடத்தையும், இடுப்புப் பட்டை சேரும் இடத்தையும், மேலே தூக்கும் கைப்பிடியையும் புரட்டிப் பார்க்கிறேன். அங்கே நெருக்கமான குறுக்குத் தையலோ சதுரத் தையலோ இல்லையென்றால், எவ்வளவு பெயர் பெற்ற பையாக இருந்தாலும் கீழே வைத்துவிடுவேன். பக்கிள் உடைந்தால் மாற்றிப் போட முடியுமா என்றும் பாருங்கள்.

பயணம் முடிந்து வந்ததும் பையைப் பரணில் திணித்துவிடாதீர்கள். துணியின் உள்பக்கம் பூசியிருக்கும் பாலியூரித்தேன், ஈரக்காற்றில் நாளாவட்டத்தில் சிதைந்து பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இது சீக்கிரமே நடக்கும். துடைத்து, நிழலில் காயவைத்து, காற்றாடும் இடத்தில் தொங்கவிடுங்கள்.

இந்த வாரமே வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு முதுகை அளக்கச் சொல்லுங்கள். டேப் இல்லையென்றால் ஒரு நூலால் அளந்து ஸ்கேலில் வைத்துப் பார்க்கலாம். அந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கடையில் எடை வைத்துப் பார்க்க எதுவும் இல்லையென்றால் வீட்டிலிருந்தே ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டைத் தூக்கிக்கொண்டு போங்கள். என் 40 லிட்டர் பையை நான் அப்படித்தான் வாங்கினேன்.